இல்லாத காலின் நோவு

முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒருவர் நள்ளிரவிலே விழித்தெழுந்து, பெருவிரலிலே தாங்கொணாத கடுப்பு என்று முனகுகின்றார். மனைவி விளக்கை ஏற்றிப் பார்க்கின்றாள். பெருவிரல் அங்கே இல்லை, பாதம் இல்லை, கணுக்காலும் இல்லை. அவை போய்ப் பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. ஆயினும் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முறுகுவதாகவும், உள்ளங்காலிலே தணலை வைத்தாற்போல எரிவதாகவும் அவர் சொல்கின்றார். வீட்டார் இரங்குகின்றனர்; இரங்கிக்கொண்டே உள்ளூர ஐயுறுகின்றனர். அயலார் ஒருவர் அதனை மனப்பிராந்தி என்கின்றார். மற்றொருவர், வெட்டியெடுத்த காலை முறைப்படி அடக்கஞ் செய்யாமையால் நேர்ந்த குற்றம் என்கின்றார். இத்தகைய பேச்சுக்களைச் சில மாதங்கள் கேட்டபின் அம்மனிதர் தம் நோவைப் பிறரிடம் கூறுவதையே விட்டுவிடுகின்றார். நோவு மட்டும் அவரை விட்டபாடில்லை.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்த நிலையில் உள்ளோர் ஒருவர் இருவர் அல்லர். 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நடந்த போரிலே மிதிவெடியாலும் எறிகணையாலும் கை கால் இழந்தோர் ஊர்தோறும் வாழ்கின்றனர். மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே சேர்ந்தது. அதற்கு முன்னரே மண்ணில் புதைந்தவை தம் வேலையைச் செய்துவிட்டன. போர் ஓய்ந்த பின்னரும் கால் களையும் சத்திரசிகிச்சை ஓயவில்லை. நீரிழிவினால் ஆறாப் புண் கண்டு விரலையோ பாதத்தையோ இழப்போர் இன்று எல்லா மாகாணங்களிலும் உளர். இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலே 1968ஆம் ஆண்டில், ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேத்தி என்னும் என்புச் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து உருவாக்கிய மலிவான இரப்பர்ப் பாதம் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. அதனைப் பொருத்துதற்கென 1987ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு நிலையம் தொண்டாற்றி வருகின்றது. இவ்வாறு நடப்பதற்கு ஒரு கால் கிடைத்தது. ஆனால், போன கால் இன்னும் நோகின்றதே, அதற்கு என் செய்வது என்ற வினாவுக்கு விடை கூறுவார் அரியர்.

முதலிலே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடல் வேண்டும். இந்த நோவு மெய்யான நோவு. உறுப்பு இழந்தோருட் பெரும்பாலோர் அவ்வுறுப்பு இன்னும் உடலோடு ஒட்டியிருப்பதாகவே உணர்கின்றனர். அவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேற்பட்டோர் அதிலே நோவையும் உணர்கின்றனர் எனப் பற்பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. கோழை, வீரன், படித்தவர், பாமரர் என்ற வேறுபாடு அதற்கு இல்லை. 16ஆம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டுப் படைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்த அம்புருவாஸ் பாரே, கால் களையப்பட்ட வீரர்கள் நெடுநாள் கழித்தும் அக்காலிலே நோவுண்டு என்று முறையிட்டதை வியந்து எழுதியுள்ளார். ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சன் 1797ஆம் ஆண்டிலே தெனெரிப் தீவிலே வலக்கையை இழந்த பின், இல்லாத அக்கையை உணர்ந்தார் என்றும், கை அழிந்தும் கையின் உணர்வு அழியாமை ஆன்மா உண்டென்பதற்குச் சான்று என்று அவர் கருதினார் என்றும் கூறுவர்.

இதனை மருத்துவ நூலிலே முறைப்படி விளக்கிப் பெயரிட்டவர் அமெரிக்க நாட்டு நரம்பு வைத்தியராகிய வெயர் மிச்சல் என்பவர். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே காயமுற்றோர்க்குப் பிலதெல்பியா நகரிலே வைத்தியம் செய்த அவர், இவ்வுணர்வைப் பற்றி வெளிப்படையாக எழுதுதற்கு முதலில் அஞ்சினார் போலும். 1866ஆம் ஆண்டிலே தம் பெயரை மறைத்து, கையும் காலும் ஆகிய நான்கையும் இழந்த ஒரு வீரனின் கதையாக அதனை ஒரு மாத இதழில் வெளியிட்டார். கதையை மெய்யென்று நம்பிய வாசகர்கள் அவ்வீரனுக்கென வைத்தியசாலைக்குப் பணமும் அனுப்பினார்களாம்! ஐந்தாண்டுகள் கழித்தே தம் பெயரை இட்டு எழுதினார். அப்பொழுது அவர் வழங்கிய பெயரைத் தமிழிலே மாயவுறுப்பு எனலாம்.

நோவை உரைப்பதற்குச் சொல் வேண்டும். சொல் இல்லாவிடின் வைத்தியர்க்கும் நோயாளிக்கும் இடையே சுவர் எழுந்துவிடும். 1975ஆம் ஆண்டிலே கனடா நாட்டு உளநூலறிஞர் ரொனால்ட் மெல்சாக், நோவைக் குறிக்கும் 78 சொற்களைத் திரட்டி இருபது கூட்டமாக வகுத்து, நோயாளி தமக்குப் பொருந்துவதைத் தெரிந்து கூறுமாறு ஒரு வினாத்தாள் அமைத்தார். தமிழ் இதில் வறிய மொழியன்று. நோ என்பதே ஓரெழுத்தொருமொழி. நோவும் நோயும் அதன் வழி வந்தவை. அதற்கு அப்பால் குத்து, கடுப்பு, உளைவு, எரிவு, குடைச்சல், பிடிப்பு, சுண்டல், விறைப்பு, தெறிப்பு என்று எத்தனை சொற்கள்! யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்தி பரியாரியாரிடம் கால் உளையுது என்று கூறுவதும், கால் குத்துது என்று கூறுவதும் ஒன்றல்ல. மாயவுறுப்பின் நோவு பெரும்பாலும் முறுக்கு, எரிவு, மின்னல் போன்ற தெறிப்பு ஆகிய மூன்று வடிவிலே வருகின்றது. இவற்றுள் எது என்று நோயாளி கூறுவது சிகிச்சைக்கு உதவும். முறுக்கும் பிடிப்புமாக வரும் நோவு, பின்னர்க் கூறப்படும் கண்ணாடிப் பயிற்சிக்கு எரிவைக் காட்டிலும் எளிதில் இணங்கும் எனப் பயிற்றுவோர் கருதுகின்றனர்.

இனி, இல்லாத கால் நோதல் எங்ஙனம்? காலிலே முள் தைத்தால் கால் நோகின்றது என்று கருதுவது இயல்பு. உண்மையிலே கால் செய்தி அனுப்புகின்றது. நோவை ஆக்குவது மூளை. மெல்சாக்கும் பற்றிக் வோல் என்னும் ஆங்கில அறிஞரும் 1965ஆம் ஆண்டிலே வெளியிட்ட கொள்கையின்படி, முண்ணாணிலே ஒரு படலை இருப்பதாகக் கொள்ளலாம். காயத்திலிருந்து வரும் செய்தி அந்தப் படலையூடே மூளைக்குச் செல்லல் வேண்டும். தொடுகையைக் கொண்டுவரும் பெருநரம்பிழைகள் அந்தப் படலையைச் சாத்துகின்றன. அச்சமும் கவலையும் திறக்கின்றன. அமைதியும் வேறொன்றிற் பதிந்த கவனமும் மீண்டும் சாத்துகின்றன. கதவிலே முழங்கை முட்டியவுடன் மற்றக் கை தானாகவே சென்று அவ்விடத்தைத் தேய்ப்பதன் காரணம் இதுவே. தாய் குழந்தையின் முட்டிய தலையை ஊதித் தடவுவதும் இதுவே. அக்கொள்கையின் நுட்பங்கள் சில பின்னர்த் திருத்தப்பட்டன. ஆனால், நோவு என்பது கீழிருந்து மேலே செல்லும் ஒருவழிச் செய்தியன்று, மேலிருந்தும் அதனைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் என்ற கருத்து நிலைபெற்றுவிட்டது.

மூளையின் மேற்பட்டையிலே உடல் முழுவதற்கும் ஒரு படம் உண்டு. கனடாவின் மொன்றியல் நகரிலே வைல்டர் பென்பீல்ட் என்னும் மூளைச் சத்திரசிகிச்சையாளர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்னோட்டத்தாலே தொட்டு, எந்த இடத்தைத் தொட்டால் எந்த உறுப்பிலே உணர்வு எழுகின்றது என்று குறித்து அப்படத்தை வரைந்தார். அதிலே ஒரு விந்தை உண்டு. கைக்குரிய இடத்துக்கு அடுத்தாற்போல் இருப்பது முகத்துக்குரிய இடம். கை போய்விட்டால் அதற்குரிய மூளைப்பகுதி வறிதே கிடக்குமா? கிடவாது, அயலிலுள்ளது அங்கே கால் வைக்கும். காணியும் வளவும் பற்றி அறிந்த நம்மவர்க்கு இது புதுமையன்று!

இதனை மனிதரிடத்திலே கண்டு காட்டியவர் ஒரு தமிழர். சென்னையிலே ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்ஜிலே ஆராய்ச்சி செய்து, கலிபோர்னியாவின் சான் டியாகோவிலே பேராசிரியராய் விளங்கிய வி. எஸ். இராமச்சந்திரன் என்பவரே அவர். 1990களின் தொடக்கத்திலே, கை இழந்த ஓர் இளைஞனின் கண்ணைக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் அவன் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தைத் தொடுகின்றீர்கள் என்று கூறியதோடு, இல்லாத பெருவிரலையும் தொடுகின்றீர்கள் என்று அவன் கூறினான். கோடி கோடியாகப் பொருள் செலவிட்டு ஆராயும் நாட்டிலே, பஞ்சுக் குச்சியைக் கொண்டு கண்டறியப்பட்ட உண்மை இது.

அவரிடம் வந்த வேறொருவரின் நிலை இன்னும் கொடியது. அவருக்குக் கை களையப்படுமுன்னே நரம்பறுந்து அசையாது கிடந்தது. களைந்த பின் தோன்றிய மாயக்கையும் அசையாமல், முழங்கையிலும் மணிக்கட்டிலும் நோவோடு பத்தாண்டுகள் கிடந்தது. இராமச்சந்திரன் இதனை இவ்வாறு சிந்தித்தார். அசை என்று மூளை ஏவுகின்றது. அசையவில்லை என்று கண் கூறுகின்றது. இவ்வாறு நாள்தோறும் நிகழ, இக்கை அசையாது என்று மூளை கற்றுக்கொள்கின்றது. கற்றதை மறக்கச் செய்தல் எவ்வாறு? அசைகின்றது என்று கண்ணைக் கூறச் செய்தல் வேண்டும். அதற்கு அவர் நாடிய கருவி, முகம் பார்க்கும் கண்ணாடி. மேலே திறந்த ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிமிர்த்தி வைத்தார். நோயாளி நல்ல கையை ஒரு பக்கத்திலே நீட்டிக் கண்ணாடியைப் பார்த்தால், அதன் நிழல் இழந்த கையின் இடத்திலே தெரியும். நல்ல கையை அசைத்தார். மாயக்கை அசைவதைக் கண்டார். காணவே, பத்தாண்டுகளாக மரத்துக் கிடந்த கை அசைவதை உணர்ந்தார். பெட்டியை வீட்டுக்கு எடுத்துச் சென்று பழகிய மூன்று கிழமைகளில் மாயக்கை குறுகி, தோளிலே விரல்கள் மட்டும் ஒட்டியிருப்பதான உணர்வு எஞ்ச, முழங்கை நோவு ஒழிந்தது. இல்லாத உறுப்பைக் களைந்த சத்திரசிகிச்சை இதுவே போலும். இவ்வாராய்ச்சி 1996ஆம் ஆண்டிலே இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டிலே வெளிவந்தது.

ஒருவர் இருவரிடம் கண்ட பயனைக் கொண்டு ஒரு முறையை நம்பிவிடலாகாது. சந்தையிலே விற்கும் எண்ணெய்ப் போத்தல் ஒவ்வொன்றுக்கும் சாட்சி கூற ஒருவர் இருக்கத்தான் செய்கின்றார். ஆகவே 2007ஆம் ஆண்டிலே வெளியான ஒரு சோதனையை நோக்குதல் தகும். வாஷிங்டனில் அப்பொழுது இருந்த வால்டர் றீட் படை வைத்தியசாலையிலே, காலையோ பாதத்தையோ இழந்த வீரர்களை மூன்று கூட்டமாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தனர். ஒரு கூட்டத்தார் கண்ணாடியைப் பார்த்து இரு கால்களையும் அசைக்க முயன்றனர். மற்றொரு கூட்டத்தார் அதே அசைவைச் செய்தனர். ஆனால் கண்ணாடி துணியால் மூடப்பட்டிருந்தது. மூன்றாங் கூட்டத்தார் கண்ணை மூடி மனத்தாலே காலை அசைத்தனர். நாள் ஒன்றுக்கு 15 நிமிடம், நான்கு கிழமை. முடிவுவரை நின்றோர் கூட்டத்துக்கு ஆறு பேராகப் பதினெண்மர். கண்ணாடி பார்த்த அறுவருக்கும் நோவு குறைந்தது. மூடிய கண்ணாடியின் முன் இருந்தோருள் ஒருவருக்கே குறைந்தது, மூவருக்குக் கூடிற்று. மனத்தால் அசைத்தோருள் இருவருக்குக் குறைந்தது, நால்வருக்குக் கூடிற்று. பின்னர் இவ்விரு கூட்டத்திலிருந்தும் ஒன்பதின்மர் கண்ணாடிக்கு மாறினர். அவர்களுள் எண்மருக்கு நோவு தணிந்தது.

அச்சோதனையின் அறிக்கையிலே சிறு குறிப்பாக வரும் செய்தி ஒன்று எண்களினும் ஆழமானது. கண்ணாடியிலே இரு கால்களும் முழுமையாகத் தோன்றக் கண்டவுடன் இருவர் துயரம் மேலிட்டு வருந்தினர். அத்துயரம் சிறிது நேரத்திலே தணிந்தது. இழந்ததை மீண்டும் காண்பது எல்லோர்க்கும் எளிதன்று. ஆதலின், முதல் நாள் தனியே இருந்து பழகாமல், பரிவுடைய ஒருவரை அருகே வைத்துக்கொள்ளல் நன்று.

அதன் பின் பல நாடுகளிலே செய்த சோதனைகள் யாவும் இத்துணைத் தெளிவான விடை தரவில்லை. பலருக்குப் பயன் உண்டு, சிலருக்கு இல்லை, சான்று இன்னும் உறுதிபெறல் வேண்டும் என்பதே அவற்றை ஒருங்கு தொகுத்து ஆராய்ந்தோர் கூற்று. காரணத்திலும் கருத்து வேற்றுமை உண்டு. மூளைப்படம் எவ்வளவு இடம் பெயர்ந்ததோ அவ்வளவு நோவு மிகும் என்று ஜெர்மனியிலே ஹேர்ட்டா புளோரும் உடனாய்வாளரும் 1995ஆம் ஆண்டிலே காட்டினர். நோவு மிகுந்தோரின் மூளையிலே இழந்த கையின் படம் அழியாமல் நிலைத்திருக்கின்றது என்று ஒக்ஸ்போர்டிலே தாமார் மேக்கினும் உடனாய்வாளரும் 2013ஆம் ஆண்டிலே காட்டினர். வழக்கு முடியவில்லை. ஆனால் நோயாளி தீர்ப்பு வருமளவும் காத்திருக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்குச் செலவு சிறிது, அதனால் விளையும் தீங்கும் சிறிது.

பயிற்சியின் முறை வருமாறு. கால் முழுவதும் தெரியத்தக்க நீண்ட கண்ணாடி ஒன்று வேண்டும். அலுமாரிக் கதவுக் கண்ணாடி போதிய அளவினது. உடைந்த விளிம்பு இருந்தால் துணிநாடாவால் ஒட்டிவிடல் வேண்டும். பாயிலோ கட்டிலிலோ கால் நீட்டி அமர்ந்து, கண்ணாடியை இரு தொடைக்கும் நடுவே நிமிர்த்தி, அதன் முகம் நல்ல காலை நோக்கவும், எஞ்சிய காற்பகுதி அதன் முதுகுப் பக்கம் மறையவும் வைத்தல் வேண்டும். கையாயின் மேசைமேல் சிறு கண்ணாடி போதும். மோதிரம், கைக்கடிகாரம், காப்பு முதலியவற்றைக் கழற்றிவிடல் வேண்டும், ஏனெனில் மாயக்கையிலே அவை இருந்தனவென்று மூளை ஒப்பாது. முதலிற் சிறிது நேரம் அசையாமற் பார்த்துக்கொண்டிருத்தல் போதும். பின்னர்ப் பாதத்தை மெல்ல மேலும் கீழும் மடக்கல், விரல்களை விரித்தல், கணுக்காலை வட்டமாகச் சுற்றல். நல்ல கால் செய்வதனை இல்லாத காலும் செய்கின்றது என்று எண்ணி, அதனையும் உடன் அசைக்க முயலல் வேண்டும். மாயக்கால் முறுகிய நிலையில் இருந்தால், நல்ல காலையும் அதே முறுகிய நிலையில் வைத்துத் தொடங்கி, இரண்டையும் சேர்த்து மெல்ல நிமிர்த்துவது பயன் தரும். விரைவு கூடாது. தலைசுற்றல், குமட்டல், நோவு மிகுதல் தோன்றினால் அன்றைக்கு நிறுத்திவிடல் வேண்டும். நாள்தோறும் 15 நிமிடம், நான்கு கிழமையாவது செய்து பார்த்த பின்னரே பயன் இல்லை என்று கைவிடலாம். மாயப்பாதம் சுருங்கி முழங்காலோடு ஒட்டிக்கொண்டதாக உணர்வோர்க்குக் கண்ணாடியால் வரும் பயன் குறைவு எனவும் கண்டுள்ளனர்.

கண்ணாடியைப் பார்த்ததும் நோவு சீறுவோரும் உளர். அவர்களுக்கென அவுஸ்திரேலிய அறிஞர் லொறிமர் மோஸ்லி படிமுறை ஒன்றை அமைத்து, 2006ஆம் ஆண்டிலே 51 நோயாளிகளிடம் அதன் பயனைக் காட்டினார். முதல் இரு கிழமை, கை கால்களின் படங்களைப் பார்த்து இது இடம், இது வலம் என்று கூறுவது மட்டுமே. அடுத்த இரு கிழமை, மனத்தால் அசைப்பது. அதன் பின்னரே கண்ணாடி. மூளையை விழிப்புறச் செய்யாமல் மெல்ல மெல்லப் பழக்கும் இம்முறை, அரிச்சுவடி கற்பிப்பதை ஒத்தது. முதல் வகுப்பிலே எழுத்து, பின்னரே சொல்.

தொடுகையைக் கொண்டு செய்யும் பயிற்சியும் உண்டு. 2001ஆம் ஆண்டிலே புளோரும் உடனாய்வாளரும், கை இழந்தோரின் எஞ்சிய கைப்பகுதியிலே பல இடங்களில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, எந்த இடம் என்று பிரித்தறியுமாறு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பத்து நாள் பழக்கினர், நோவு தணிந்தது. சோதனைக்கு உட்பட்டோர் பதின்மரே எனினும், அதன் வழியைப் பின்பற்றுவது எளிது. கண்ணை மூடியிருப்பவரின் எஞ்சிய காற்பகுதியை வீட்டார் ஒருவர் பட்டு, பருத்தி, சாக்கு, தூரிகை என்று வேறுவேறு பொருளாலே தொட, இன்னது, இன்ன இடம் என்று அவர் கூறல் வேண்டும். சும்மா தொடுதலினும், கூர்ந்து அறிய முயல்வதே பயன் தருகின்றது.

நம் நாட்டுப் பழக்கங்களில் எண்ணெய் பூசித் தடவுதலும், விரல் நுனியால் மெல்லத் தட்டுதலும், இளஞ்சூட்டில் ஒத்தணம் கொடுத்தலும் முன்னர்க் கூறிய படலையைச் சாத்தும் வழிகளே. நல்லெண்ணெயாயினும் பரியாரியார் காய்ச்சித் தந்த தைலமாயினும், பெரும்பயன் தடவும் கையிலே உள்ளது எனலாம். ஆனால் எண்ணெயை இரவிலே பூசல் வேண்டும். காலையிற் பூசிப் பொய்க்கால் இட்டால் தோல் ஊறி உரிந்துவிடும். நீரிழிவினால் உணர்வு மரத்த தோலுக்குச் சூட்டு ஒத்தணம் ஆகாது, வெந்துபோவதும் தெரியாது. தணலால் சுடுதல், இறுகக் கயிறு கட்டுதல் என்பன இன்றும் சிலவிடங்களில் நடைபெறுகின்றன. அவை ஒரு நோவை மறைக்க மற்றொரு நோவை ஆக்குவன, அறவே ஒழிக்கத்தக்கன.

மிளகாயைப் பற்றி ஒரு சொல். மிளகாயின் உறைப்புச் சத்து நரம்பு நுனியில் உள்ள, வெப்பத்தை உணரும் வாயிலைத் திறக்கின்றது என்று 1997ஆம் ஆண்டிலே கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டிலே நோபெல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். அச்சத்தை அளந்து சேர்த்த களிம்பும் ஒட்டுத்துணியும் சிலவகை நரம்பு நோவுக்கு வைத்தியரின் மேற்பார்வையிலே பயன்படுகின்றன. இதனைக் கேட்டுவிட்டு அம்மியில் அரைத்த மிளகாயைக் காலிலே பூசத் துணிதல் பேதைமை.

தோலின்மேல் மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் சிறு பெட்டி ஒன்று 1960களின் பிற்பகுதியிலிருந்து வழக்கில் உள்ளது; வோலும் சுவீற் என்னும் அமெரிக்கரும் படலைக் கொள்கையிலிருந்தே அதனை ஆக்கினர். சிலருக்கு அது இடைக்கால ஆறுதல். சீன நாட்டு ஊசிச் சிகிச்சைக்கு மாயவுறுப்பு நோவில் உள்ள சான்று சிறிய ஆய்வுகளளவிலே நிற்கின்றது. மூச்சைக் கவனித்திருக்கும் தியானப் பழக்கத்தை, 1979ஆம் ஆண்டு முதல் ஜோன் கபட் சின் என்பவர் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையிலே நெடுநாள் நோவாளிகளுக்கு எட்டுக் கிழமைப் பாடமாக்கினார். நாட்பட்ட நாரி நோவு உடைய 342 பேரை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வில், அப்பாடம் பயின்றோருள் நூற்றுக்கு அறுபதின்மர் நாள்வேலைகளை முன்னிலும் நன்றாகச் செய்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் அவ்வாறு தேறியோர் நாற்பத்துநால்வர். நோவு அறவே போயிற்று என்று அவர்கள் கூறவில்லை என்பதைக் கருத்தில் இருத்தல் வேண்டும்.

பொய்க்காலை மூலையில் சாத்திவைப்போர் பலர். அது பொருந்தவில்லை, உரசுகின்றது என்பர். உரசினால் நிலையத்துக்குச் சென்று திருத்திக்கொள்ளல் வேண்டும், வைத்துவிடலாகாது. கை இழந்தோருள், தசையின் மின்குறிப்பால் இயங்கும் செயற்கைக்கையை மிகுதியாகப் பயன்படுத்துவோருக்கு மாயநோவு குறைவாக இருத்தலை ஜெர்மன் ஆராய்ச்சியாளர் 1999ஆம் ஆண்டிலே கண்டனர். வேலை செய்யும் உறுப்பு ஒன்று இருக்கின்றது என்று மூளை உணர்வது அதற்கு ஏதுவாகலாம்.

இம்முறைகளைத் தொடங்குமுன் நோவு எங்கிருந்து வருகின்றது என்று வைத்தியரைக் கொண்டு அறிதல் இன்றியமையாதது. எஞ்சிய காற்பகுதியிலே அறுந்த நரம்பின் நுனி முடிச்சிட்டு வளர்ந்திருக்கலாம், உள்ளே வெடித்துண்டு தங்கியிருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம், இரத்தவோட்டம் குன்றியிருக்கலாம். அங்கே தொட்டால் சுரீரென்று நோகுமாயின், சிவந்து வீங்குமாயின், காய்ச்சல் காணுமாயின் கண்ணாடியால் ஆவது ஒன்றுமில்லை. வைத்தியர் தந்த நரம்பு நோவு மருந்துகளைப் பயிற்சி தொடங்கிய மகிழ்ச்சியிலே சட்டென நிறுத்துதலும் தவறு. குறைப்பதாயின் அவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். வன்மையான அபின்வகை மருந்துகளை நெடுநாள் நோவுக்கு வரையறையின்றி வழங்கியதால் அமெரிக்க நாடு பட்ட பாடு உலகறிந்தது. ஆனால் மருந்துக்கு அஞ்சி வேதனையிலே கிடப்பதும், பெயர் தெரியாத பொடியை வாங்கி உண்பதும் அதற்கு மாற்றாகா. ஒரே நாளிலே நோவைத் தீர்க்கும் பொடியிலே யாரும் கூறாத ஆங்கில மருந்து கலந்திருத்தல் கூடும் என்று ஐயுறுதல் நன்று.

ஒரு வினா எஞ்சுகின்றது. இரண்டு கால்களையும் இழந்தவர் கண்ணாடியிலே எதனைப் பார்ப்பார்? அவர்களையும் அமெரிக்கப் படை வைத்தியர்கள் மறந்துவிடவில்லை. இரு காலும் இழந்த இருபதின்மரை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டிலே அவர்கள் வெளியிட்ட முறைக்குக் கண்ணாடியும் வேண்டியதில்லை. எதிரே மற்றொருவர் அமர்ந்து தம் கால்களை மெல்ல அசைப்பார். நோயாளி அக்கால்களைப் பார்த்துக்கொண்டே தம் மாயக்கால்களை அவ்வாறே அசைக்க முயல்வார். அவ்வாறு பார்த்துப் பழகியோருக்கு நோவு தணிந்தது; கண்ணை மூடி மனத்தால் மட்டும் அசைத்தோருக்குத் தணியவில்லை. மாலை வேளையிலே திண்ணையில் மனைவியோ தம்பியோ மகளோ எதிரே இருந்து, ஒரு கால் மணி நேரம், பாதத்தை மேலும் கீழும் மடக்கி விரலை விரித்துக் காட்டுதல் போதும்.